சுரவாவின் அம்மா

எதையும் நாலு தடவை சரிபார்க்கிறவர்களிடம் ஒரு கோளாறு உண்டு. சரியாக இருப்பதையேதான் நாலு தடவையும் பார்ப்பார்கள். நான் அந்த ரகம். வீட்டைப் பூட்டிவிட்டு லிஃப்ட் வரை போய், திரும்பி வந்து கதவை இழுத்துப் பார்ப்பேன். அடுப்பை அணைக்காதது மட்டும் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் ஞாபகம் வரும்.

லிட்டில் இந்தியா பக்கம் இருக்கும் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபையில், எல்லார் பெயர்களும் ஒரு பழைய மென்பொருளில் கிடந்தன. அதைப் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டும் என்றார்கள். "நம்ம ரூத்தோட அம்மா தெம்பனிஸ்ல ஐடி கம்பெனியிலதானே இருக்காங்க" என்று யாரோ சொல்ல, எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. (அங்கே எனக்கு வேலை, வாடிக்கையாளர்களின் புகார்களுக்கு "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று பதில் போடுவது. ஆனால் சபையில் வைத்து "முடியாது" என்று சொல்ல எனக்கு வாய் வராது.)

மாற்றினேன். 'கிருபா' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'fpUgh' என்று வந்தது. பக்கம் முழுக்க அப்படியே.

"என்ன இது, கீபோர்டுல பூனை நடந்த மாதிரி இருக்கு?" என்றார் என் கணவர் ஜெபராஜ்.

விஷயம் இதுதான். பழைய மென்பொருளைச் செய்த புண்ணியவான்கள் தமிழை உள்ளே வைக்கவே இல்லை. ஆங்கில எழுத்தை வைத்து, அதன்மேல் தமிழ் எழுத்துரு ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். f என்று அடித்தால் திரையில் 'க' தெரியும். உள்ளே இருப்பது வெறும் f. புதிய மென்பொருளிடம் அந்தப் போர்வை இல்லை. மானம் போய்விட்டது.

போகட்டும் என்று, ஒவ்வோர் ஆங்கில எழுத்தையும் எடுத்துவிட்டு அதற்குரிய உண்மையான தமிழ் எழுத்தைப் போடும்படி ஒரு நிரல் எழுதினேன். சுவா சூ காங் வட்டாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் ஒரு வாரம் சமையல் என்ற ஒன்று நடக்கவில்லை.

இவ்வளவு பாடுபட்டதற்குக் காரணம் சபை மட்டுமல்ல, என் மகள் ரூத். அவளுக்கு அப்போது ஆறு வயது. நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இவள் வாயில் தமிழ் வராமலே போய்விடுமோ, தவறு என்னுடையதோ, குழந்தைப் பருவத்திலேயே தாலாட்டுப் பாடியிருக்க வேண்டுமோ என்று எனக்கு ஓயாத பயம். அப்படிப்பட்டவள், ஞாயிறு பள்ளி விழா மேடையில் தமிழில் ஒரு வேத வசனம் சொல்ல ஒப்புக்கொண்டிருந்தாள். ஒரே நிபந்தனை: பெரிய திரையில் அவள் பெயர் வர வேண்டும். வராவிட்டால் ஏற மாட்டாள்.

பெயர்கள் புதிய மென்பொருளிலிருந்து நேராகத் திரைக்குப் போகும். முதல் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எபிநேசர், கிருபா, சாமுவேல். ஒரு கொம்பு, ஒரு கால் பிசகவில்லை.

விழாவில் பெயர் வாசித்தவர் சபைச் செயலாளர் சாலமன் அண்ணன். பூன் லே பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே வாசிக்காவிட்டால் ஆள் செத்துவிடும் என்று நம்பும் தொழில்.

பெரிய பிள்ளைகள் முதலில். எல்லாம் ஒழுங்காகப் போனது. நான் மூச்சு விட்டேன். சின்னப் பிள்ளைகள் முறை வந்தது.

"அடுத்து... ஆயசல."

யாரும் எழவில்லை. அண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, அடுத்து... ளுவ... நட... டய."

பின்வரிசையில் யாரோ பழக்கதோஷத்தில் "ஆமென்" என்றார்கள்.

எனக்குப் புரிந்துவிட்டது. பெற்றோர், பெரிய பிள்ளைகள் பெயர்களைப் பதிந்தது தமிழ்த் தட்டச்சு தெரிந்த ஓர் அக்கா. அவர் மலேசியாவுக்குக் குடிபோன பிறகு சேர்ந்த சின்னதுகளுக்கு, அம்மாக்களே அவசரத்தில் ஆங்கிலத்தில் தட்டிவிட்டோம். Mary என்றால் Mary, Stella என்றால் Stella, போர்வை கீர்வை ஒன்றுமில்லை. என் நிரலுக்கு அது தெரியுமா? கண்ணில் பட்ட ஆங்கில எழுத்தையெல்லாம் மாற்றித் தள்ளிவிட்டது. Ruth என்று ஆங்கிலத்தில் தட்டிய மகராசி நானேதான்.

நான் ஓடிப்போய் அண்ணனின் காதில், "அண்ணே, பேரெல்லாம் மாறிப்போச்சு, நிறுத்துங்க" என்றேன்.

"அப்படியா சிஸ்டர்? நான் ஊர்லேர்ந்து புதுசா வந்தவங்க வச்ச பேருன்னுல்ல நினைச்சேன்" என்றவர், மைக்கை மூடாமலே அடுத்ததை வாசித்தார். "சுரவா. தகப்பனார் ஜெபராஜ்."

சபையே என் கணவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் என்னைப் பார்த்தார். "எனக்குத் தெரியாம எனக்கு இன்னொரு பொண்ணா?"

ரூத் திரையை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். சு, ர, வா. உதடு பிதுங்க ஆரம்பித்தது. "அம்மா, ஹூ இஸ் சுரவா? வேர் இஸ் மை நேம்?"

உண்மையைச் சொன்னால் வசனம் போச்சு. இனிமேல் மேடைப் பக்கமே வர மாட்டாள். தமிழும் அதோடு போச்சு. சரியா தப்பா என்று யோசித்தே ஆயுளைக் கழித்த நான், வாழ்க்கையில் முதல் தடவையாக யோசிக்காமல் பேசினேன்.

"நீதான்டா. ரூத் இங்கிலீஷ் பேரு. சுரவா உன் தமிழ்ப் பேரு. ஓடு!"

ஓடினாள். மைக்கைப் பிடித்து, "என் பெயர் சுரவா" என்றாள், சபை முழுக்கக் கேட்கும்படி. பிறகு வசனத்தை ஒரு சொல் தவறாமல் சொல்லி முடித்தாள். நான் அழுதேன். பெருமையிலா அவமானத்திலா என்று இன்றுவரை முடிவு செய்யவில்லை.

மறுநாளே தரவைச் சரிசெய்துவிட்டேன். ஆயசல மேரியானாள், ளுவநடடய ஸ்டெல்லாவானாள். மகளைத்தான் சரிசெய்ய முடியவில்லை. எத்தனை தடவை விளக்கியும், "நோ லா, இட் வாஸ் ஆன் தி ஸ்கிரீன்" என்கிறாள். அப்பாவும் இப்போது அவள் கட்சி. சாலமன் அண்ணன் என்னைக் கண்டால், "சுரவா அம்மா, சாப்பிட்டாச்சா?" என்கிறார்.

இந்த வருடம் முதல் வகுப்பு. பெற்றோர் சந்திப்புக்குப் போனோம். தமிழ் ஆசிரியை அவளது பயிற்சிப் புத்தகத்தை எடுத்து வைத்தார். அட்டையில் அவளது அழகான, உருண்டையான கையெழுத்தில் 'சுரவா'.

"தூய தமிழ்ப் பேரு வச்சிருக்கீங்க, ரொம்ப சந்தோஷம்மா" என்றார் ஆசிரியை. "என்ன அர்த்தம்?"

ஜெபராஜ் சட்டென்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்றேன்.