மேளம் அடித்தால் கெட்டவன்

திரையரங்கில் உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, படத்தின் பின்னணி இசைக்குக் காதோரம் பொழிப்புரை சொல்லும் இனத்தைச் சந்தித்திருக்கிறீர்களா? இல்லையென்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர். நாங்கள் அந்த அளவுக்குப் புண்ணியம் செய்யவில்லை. அக்காவையே அப்படி ஒருவருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டோம்.

அத்தானுக்குத் தொழில் பல் வைத்தியம். நாள் முழுக்க வாயைத் திறந்தபடி பதில் பேச முடியாமல் கிடப்பவர்களிடமே பேசிப் பழகியவர். கற்பனை ராஜ்ஜியங்கள் மோதும் படமென்றால் அவருக்குக் கொண்டாட்டம். மலைநாட்டைக் காட்டும்போது புல்லாங்குழல், ஆகவே நல்லவர்கள். பாலைவன நாட்டைக் காட்டும்போது முரசு, கொம்பு, கூடவே நாற்பது ஆண்கள் அடித்தொண்டையில் 'ஹூம்', ஆகவே கொலைகாரர்கள். நடுவில் வயலின் அழுதால் இந்த நாட்டு இளவரசிக்கு அந்த நாட்டுக்காரன் மேல் காதல். கதை எதற்கு, வசனம் எதற்கு? கண்ணை மூடிக்கொண்டே யார் சாகப்போகிறார் என்று சொல்லிவிடுவார். இடைவேளைக்கு முன்பே சொல்லியும் தொலைப்பார்.

போன மாதம் குடும்பத்தோடு போன அப்படியொரு படத்துக்கு இசை உதவியாளர் யார் தெரியுமா? அத்தானின் மகளேதான். பாலைவன மக்கள் வரும் ஓர் இடத்துக்கான இசையை இசையமைப்பாளர் அவள் பொறுப்பிலேயே விட்டிருந்தார். மாதக்கணக்கில் அதோடு மல்லாடினாள். அப்பா கேட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

"எந்த இடம்னு நீங்களே கண்டுபிடிங்கப்பா" என்றாள்.

"என்கிட்டயேவா?" என்று சிரித்தார்.

முரசு முழங்கியது. "பார்த்தியா, அயோக்கியப் பசங்க வர்றானுங்க" என்றார் என் காதில். பாலைவனத்தில் ஒரு கூடாரம் தெரிந்தது. சட்டென்று முரசு நின்றது. எதிரி வீரனின் மனைவி, எந்த வாத்தியமும் இல்லாமல், மடியில் கிடந்த குழந்தைக்காக மெல்ல ஒரு தாலாட்டை முணுமுணுத்தாள். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"என்னடா இது, ஸ்பீக்கர் போச்சா?"

எழுந்தே விட்டார். பின்னால் திரும்பி, ஆபரேட்டர் அறையைப் பார்த்துக் கையை ஆட்டி, "ஹலோ! சவுண்டு இல்ல! மேளம் வரல!" என்று ஒரு கத்து. அக்கா சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பதற்குள் குழந்தை தூங்கிவிட்டது. குதிரைகள் பாய்ந்தன, முரசு திரும்பி வந்தது. "ம், சரி பண்ணிட்டான்" என்று திருப்தியாகச் சாய்ந்துகொண்டார். இருட்டில் மகளின் முகம் எனக்குத் தெரியவில்லை. நல்லவேளை.

வெளியே வந்ததும் கேட்டார்: "உன் மியூசிக் எங்கம்மா வந்துச்சு? காதைத் தீட்டிக்கிட்டுத்தானே உட்கார்ந்திருந்தேன்?"

"நீங்க எந்திரிச்சு நின்னு கத்தினீங்களேப்பா, அப்ப."

அத்தானின் வாய், அவரிடம் பல் காட்ட வருபவர்களுடையதைப் போலத் திறந்தபடியே நின்றது. எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் இந்த இனம் அவ்வளவு லேசில் அடங்குமா? காரைக் கிளப்பும்போது சொன்னார்: "நானே எந்திரிச்சுட்டேன்னா, அங்க மேளம் வெச்சிருக்கணும்னுதானே அர்த்தம்?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அந்தத் தாலாட்டை மெல்ல முணுமுணுக்கத் தொடங்கினாள். அத்தான் ரேடியோவைப் போட்டார்.

என்ன, இதைப் படித்ததும் பக்கத்தில் இருப்பவரின் தோளைத் தட்டி, "இது யாரைப் பத்தின்னு தெரியுதா?" என்று விளக்கக் கிளம்பிவிட்டீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அவர் ஏதோ பாட்டு கேட்டுக்கொண்டிருக்கிறார்.