எந்த மதகு?

எங்கள் 'எந்த மதகு' டாக்டரைப் போல ஒரு மனிதர் குடவாசல் பக்கத்தில் மட்டுமல்ல, இந்த உலகத்திலேயே கிடையாது. இருந்தால் கூட்டி வாருங்கள், போட்டி வைத்துப் பார்த்துவிடலாம்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. வாசல் போர்டில் பட்டத்தோடு எழுதியிருக்கிறது. யாரும் அதைப் படிப்பதில்லை, ஏனென்றால் அடுத்த வரிதான் கண்ணை இழுக்கும்: 'பார்வை நேரம்: மற்றவர்கள் பார்க்காத நேரம்.'

ஊர் ஆஸ்பத்திரியில் சீட்டு கொடுப்பதை நிறுத்தினால் இவர் மொபெட் கிளம்பும். ஞாயிறு, தீபாவளி, பக்ரீத் எல்லாம் வேலை நாள். பகல் பதினொரு மணிக்குக் காய்ச்சலோடு போய்க் கதவைத் தட்டினால் ஜன்னல்தான் திறக்கும்.

"ஆஸ்பத்திரி திறந்துதானே இருக்கு? அங்க போங்க. நான் தூங்கறேன்."

போன் செய்தால் ஹலோ கிடையாது, உடம்புக்கு என்ன என்ற விசாரிப்பும் கிடையாது. "எந்த மதகு?" என்பார். எங்கள் பக்கம் வீடுகள் வாய்க்கால் கரையோரமாகச் சிதறிக் கிடக்கும், கதவு எண்ணை நம்பி யாரும் எங்கும் போய்ச் சேர்ந்ததில்லை. ஆனால் வயலுக்குத் தண்ணீர் திருப்பும் மதகு ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. பனைமர மதகு, பள்ளிவாசல் மதகு, உடைஞ்ச மதகு. உடைஞ்ச மதகைப் புதிதாகக் கட்டி எத்தனையோ வருஷமாகிறது, ஊர்தான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

துபாயிலிருந்து திரும்பி வந்து மளிகைக் கடை வைத்திருக்கும் சலீம் பாய் ஒரு பெருநாளன்று போன் செய்தார்.

"டாக்டர், நெஞ்சு வலிக்குது..."

"நெஞ்சு இருக்கட்டும் பாய். எந்த மதகு?"

பாய் சட்டையை மாட்டுவதற்குள் டாக்டர் வாசலில் நின்றார். மாத்திரை கொடுத்து, காரில் ஏற்றி, திருவாரூர் வரை கூடவே போனார். 'நெஞ்சு இருக்கட்டும்' கதையைக் கேட்காமல் இன்றைக்கும் பாய் கடையில் யாரும் பருப்பு வாங்கிவிட முடியாது.

நான் ஒரத்தநாட்டில் படித்துவிட்டு மாட்டு டாக்டராக இங்கே வந்தவன். செல்போன் மேப்பை முழுசாக நம்பியவன். அது ஒருநாள் என்னை பைக்கோடு அப்போதுதான் நட்ட வயலில் இறக்கிவிட்டது.

"சார், மாடு வீட்லதான் இருக்கு. நீங்க நடவுல நிக்கறீங்க" என்றார் வயல்காரர், ரொம்ப மரியாதையாக.

அப்போதும் புத்தி வரவில்லை. "லொகேஷன் அனுப்பச் சொன்னா ஆச்சு. இந்தக் காலத்துல மதகு எதுக்கு?" என்று டாக்டரையே கிண்டல் செய்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மொபெட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஐப்பசி வந்தது. மூன்று நாள் அடைமழை. ரோடு எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் ஆறு வயது மகள் யாழினிக்கு முதல் தடவையாக மூச்சிழுப்பு வந்தது. உதடு நீலம் பாரித்தது. ஆம்புலன்ஸ் சுற்றுவழியில்தான் வர முடியும் என்றார்கள். எத்தனையோ கன்றுக்குட்டிகளைப் பிழைக்க வைத்த நான், பெற்ற பிள்ளையை மடியில் வைத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

டாக்டருக்குப் போன் போட்டேன்.

"எந்த மதகு?"

"தெரியலையே டாக்டர்! லொகேஷன் அனுப்பறேன்."

அனுப்பினேன். நெட் இல்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. யாழினி என் சட்டையைப் பிடித்து இழுத்து வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா கத்தினார்: "உடைஞ்ச மதகுன்னு சொல்லுங்க சார்!"

சொன்னேன்.

டாக்டர் கிளம்பும்போது டீக்கடையில் மதகின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் போவார். கேட்டவர் அடுத்த மதகுக்காரருக்குப் போன் போடுவார், அவர் அதற்கடுத்தவருக்கு. ஊர் வழக்கம் அது. வாசலுக்கு வந்து பார்த்தேன். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில், ரோட்டின் ஓரம் இதுதான் என்று காட்டியபடி வரிசையாக ஆட்கள் குடையோடு நின்றார்கள். அவர்களைப் பிடித்துக்கொண்டே வந்தார் டாக்டர், மொபெட்டை எங்கேயோ விட்டுவிட்டு, மருந்துப் பையை யூரியா சாக்கில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு. எந்த மந்திரிக்கும் அப்படி ஒரு வரவேற்பு கிடைத்து நான் பார்த்ததில்லை.

சாக்குக்குள்ளிருந்து இன்ஹேலரும், அடியில் ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டில் ஒன்றும் வந்தன. ஓட்டையில் இன்ஹேலரைச் செருகினார்.

"பாட்டில்ல வாய வெச்சு மெதுவா மூச்சு விடு தங்கம். அவசரமே இல்ல, எனக்கு இன்னிக்கு வேற வேலை கிடையாது."

கொஞ்ச நேரத்தில் உதட்டில் நிறம் திரும்பியது. ஆனாலும் ஒரு மணி நேரம் அவள் பக்கத்திலிருந்து அவர் நகரவில்லை. பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"ஆறு மாசமா குடியிருக்கீங்க. குடியிருக்கற மதகு பேர் தெரியல!"

நான் வாய் திறக்கும் முன் யாழினி முந்திக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும் டாக்டர். உடைஞ்ச மதகு. அப்பவே அப்பாகிட்ட சொன்னேன். சத்தம் வரல."

சிரித்து யாரும் பார்த்திராத மனிதர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் இரண்டு தடவை மாற்றல் வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மழை நாளில் டீக்கடையிலிருந்து போன் வந்தால், உடைஞ்ச மதகில் குடையோடு நிற்கிற ஆள் இப்போது நான்தான்.