பள்ளத்தை அடைத்த கெட்டிக்காரன்

கெட்டிக்காரன் கண்ணில் படும்படி எந்தப் பொருளையும் வைத்துவிட்டுப் போகக்கூடாது. அவன் அதைத் திருத்திவிடுவான்.

நானும் பெரிய கெட்டிக்காரன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நான் விட்டேன். (பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்பாள் என் மனைவி.) இன்று அப்புத்தளையில் சொந்த வெல்டிங் பட்டறை. சுற்றுவட்டாரத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் விசிறி நின்றுபோனால் என்னைத்தான் தேடி வருவார்கள்.

மகள் ஸ்டெல்லா வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். சத்தத்தைவிட வேகமாகக் காற்று பாயும் எஞ்சினுக்குள் எரிபொருளைத் தெளித்து, நெருப்பை அணையாமல் நிறுத்துவது அவள் வேலை. அவளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் அப்பா, பதுளையில் படிப்பித்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து மாஸ்டர். "கலியாணத்துக்குப் பிறகும் இந்தப் படிப்பு என்னத்துக்கு?" என்று இழுத்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு விளங்கவைக்க, லீவில் வந்த மகள் என் பட்டறையிலேயே ஒரு குழாய் செய்தாள். ஒரு முனையில் காற்றடிக்க என் பட்டறையில் கிடந்த விசிறி. நடுவில் மண்ணெண்ணெய் தெளிக்க, வெலிமடையில் உருளைக்கிழங்குக்கு மருந்தடிக்கும் பம்ப்.

மாஸ்டர் வரும் நாள், மகள் சேலை கட்டப் போன நேரம், குழாய்க்குள் எட்டிப் பார்த்தேன். பக்கச் சுவரில் ஒரு பள்ளம்! என் பட்டறைப் பொருளில் பள்ளமா? தகடு வைத்து ஒட்டி, தேய்த்து, வழுவழுவென்று ஆக்கிவிட்டேன்.

மாஸ்டர் வெள்ளை வேட்டியில் வந்தார். மகள் பற்றவைத்தாள். புஸ்! அணைந்தது. மறுபடியும் புஸ்!

"இதுக்கோ பிள்ளை வெளிநாடு போனனீர்?" என்றார் மாஸ்டர்.

மகளின் முகம் வாடிவிட்டது. எனக்குப் பொறுக்குமா?

"காத்து பத்தல மாஸ்டர். நீங்க குழாய் வாயில குனிஞ்சு பாருங்க, கோளாறு எங்கன்னு தெரியும்" என்று சொல்லி, விசிறியை முழு வேகத்தில் விட்டு, பம்பையும் ஓங்கி அடித்தேன்.

"அப்பா, வேணாம்!"

அதற்குள் மாஸ்டர் மண்ணெண்ணெயில் குளித்துவிட்டார்.

மகள் குழாய்க்குள் கையைவிட்டுத் தடவினாள். "அப்பா, இங்க இருந்த பள்ளம் எங்க?"

"அடைச்சிட்டேனே! எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு."

"ஐயோ அப்பா! அந்தப் பள்ளத்துலதான் காத்து கொஞ்சம் சுத்திக்கிட்டு நிக்கும். நெருப்பு அங்க ஒதுங்கி நின்னுதான் வர்ற எண்ணெயப் பத்த வைக்கும். அது இல்லைன்னா எண்ணெய் எரிய நேரமே இல்ல, அப்படியே வெளிய போயிடும்."

"வெளியில எண்டால் என்ர தலையில!" என்றார் மாஸ்டர். நனைந்த வேட்டியை மாற்றி என் சாரத்தைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இப்ப வடிவா விளங்குது. பிள்ளை, நீர் படிப்பை முடிச்சே ஆகவேணும். இல்லாட்டி இந்த வேலையை உம்மட அப்பா கையில எடுத்திடுவார்!"

கல்யாணமும் நடந்தது, படிப்பும் முடிந்தது. இன்றைக்கும் வீட்டில் பிறந்தநாள் கேக்குக்கு மெழுகுவர்த்தி ஏற்றினால் போதும், "பொறுங்கோ! சம்பந்தி எந்தப் பக்கம் நிக்கிறார் எண்டு பாத்திட்டுக் கொளுத்துங்கோ" என்பார் மாஸ்டர். வீடே சிரிக்கும்.

சிரிக்கட்டும். ஆனால் நான் கெட்டியாக ஒட்டிய அந்தத் தகட்டை வெட்டி எடுக்க மகளுக்கு அரை நாள் பிடித்தது. அதை யாரும் சொல்வதில்லை.