சதுப்பு நிலத்தில் ஒரு தலைக்கணக்கு

நாரைக் கூட்டம் மூன்றாம் முறையாக எழும்பிப் பறந்தபோது, மாணவிக்குச் சினம் உச்சந்தலைக்கு ஏறியது. ட்ரோன் அனுப்பிய படத்தில் தண்ணீரும் கோரைப்புல்லும் மட்டுமே மிஞ்சியிருந்தன.

இரண்டு மாதங்கள் ஆய்வு நிறுவனத்தின் கோப்புகளுக்கு அட்டை போட்டவளுக்கு, பயிற்சியின் கடைசி நாளில்தான் களத்தைக் கண்ணில் காட்டினார்கள். மாலைக்குள் பறவைகளின் எண்ணிக்கை அறிக்கை தராவிட்டால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லையேல் பட்டமும் இல்லை.

மேலாளரைக் கைபேசியில் அழைத்தாள்.

"சார், ட்ரோன் சத்தத்துக்கே எல்லாம் ஓடுது. இன்னும் உயரத்துலேருந்து எடுக்கட்டுமா?"

"படம் தெளிவா வேணும்மா. கீழ இறக்கு."

"இதுக்கு மேல இறக்கினா அதுங்க தலையிலதான் உட்காரும்!"

"எதிர்த்துப் பேசாதே. சொன்னதைச் செய்."

செய்தாள். நாரைகளைத் தொடர்ந்து வாத்துகளும் விடைபெற்றன.

கரையில் கட்டியிருந்த ஒலிப்பதிவுக் கருவியாவது கைகொடுக்கும் என்று ஓடினாள். மூன்று மணி நேரப் பதிவில் ட்ரோனின் இரைச்சலும், ஜீப் ஓட்டுநரின் குறட்டையும், மேலாளரின் பரம்பரையையே இழுத்து அவள் வைத வசவுகளும் துல்லியமாகப் பதிந்திருந்தன.

"தங்கச்சி, நீங்க திட்டுறதைக் கேட்டே பாதி பறந்திருக்கும்போல" என்றார் ஓட்டுநர், கொட்டாவிக்கு நடுவே.

"நீங்க வாயை மூடுங்கண்ணா!"

மீண்டும் மேலாளர். "பெட்டியில ஒலிபெருக்கி இருக்கு பாரு. அதுல இருக்கிற பறவைக் குரலைப் போட்டுக் கூப்பிடு, வந்துடும்."

போட்டாள். ஒலிபெருக்கி வீறிட்டது. கடைசி நீர்க்காகமும் அவளை ஒருமுறை முறைத்துவிட்டுக் கிளம்பியது.

"சார், இது பருந்துக் குரல்! எந்தப் புத்திசாலி இதைப் பதிஞ்சு வச்சது?"

"நான்தான்."

பொய்யாக நானூறு என்று எழுதியிருக்கலாம். கை வரவில்லை. அறிக்கைப் படிவத்தில் காகிதம் கிழியும்படி ஒரு பூஜ்யத்தை அழுத்திப் போட்டாள். மாலையில் மேலாளரின் மேசை மீது அதை வீசினாள்.

"இந்தாங்க, முட்டை! உங்க பேச்சைக் கேட்டதுக்கு என் படிப்பும் சேர்ந்து முட்டை!"

மேலாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார், கையொப்பமிட்டார், சான்றிதழில் 'மிகச் சிறப்பு' என்று எழுதி நீட்டினார்.

அவள் அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த ஓட்டுநரிடம் சான்றிதழை ஆட்டிக் காட்டினாள்.

"ஒரு பறவையைக்கூட எண்ணலண்ணா! எதுக்கு இந்த 'மிகச் சிறப்பு'?"

"பின்ன? போன வருஷம் வந்த தம்பி மூணு மாசம் விரட்டியும் நூறு பறவை மிச்சம் நின்னுடுச்சு தங்கச்சி. அதனாலதானே நம்ம சாரோட மச்சானுக்கு அங்க மண்ணைக் கொட்டி வீடு கட்ட அனுமதி கிடைக்கல!"