நான்கு முறை நிறுத்தாமல் போனதற்கான விளக்கம்

மதிப்பிற்குரிய, எனக்குச் சம்பந்தியாக ஆகவிருந்தவரும், இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு மறுபடியும் ஆகக்கூடியவருமான ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம், கார் நீங்கலாக. தாங்களும் தங்கள் துணைவியாரும் தங்கள் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் அவ்வளவு நேரம் வாசலில் நின்றதால் யாருக்கும் தலைவலி வந்திருக்காது என்றும் நம்புகிறேன்.

"வண்டிய நிறுத்தக்கூட மனசில்லாதவங்களோட என்ன பேச்சு?" என்று தாங்கள் கேட்டதைத் தங்கள் மகன் என் மகளிடம் சொல்ல, அவள் என்னிடம் சொல்லாமல் தன் அம்மாவிடம் சொல்ல, சுற்றி வளைத்து எனக்கு வந்து சேர்ந்தது. நியாயமான கேள்வி. பதில்தான் கொஞ்சம் நீளம். நான் லிஃப்ட் சோதனை அதிகாரியாக முப்பத்தொரு வருஷம் இருந்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். போன வாரம் கார் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. என்னுடைய டீசல் கார் சோதனைக் கூடத்தில் ஒரு மாதிரியும் சாலையில் வேறு மாதிரியும் புகை விடுகிறதாம், அதற்குள் இருக்கும் சாஃப்ட்வேர் அப்படியாம், இலவசமாகச் சரிசெய்து தருகிறார்களாம். ஆய்வாளர் வரும்போது மட்டும் ஒழுங்காக இருக்கும் கட்டட முதலாளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு காரிடம் இந்தப் புத்தியை நான் எதிர்பார்க்கவில்லை. உடனே புதன்கிழமை கொண்டுபோய் சர்வீஸ் சென்டரில் விட்டேன். சாயங்காலம் பளபளவென்று திருப்பித் தந்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் எங்கள் தெரு மெக்கானிக் நிறுத்திக் கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ சார், என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா? இனிமே வண்டி இழுக்காது. டீசல் குடிக்கும். புகை வடிகட்டி அடிக்கடி அடைச்சுக்கும். டேஷ்போர்டுல ஒரு விளக்கு எரியும் பாருங்க, அப்ப அது தன்னைத் தானே சுத்தம் பண்ணிக்குதுன்னு அர்த்தம். விளக்கு அணையிற வரைக்கும் நிறுத்தவே கூடாது. நிறுத்தினீங்க, இஞ்சின் செலவு உங்க தலையில." அவர் சொல்லி முடிப்பதற்குள்ளேயே கார் என் கண்ணுக்கு இளைத்துத் தெரிந்தது. மறுநாள் மேம்பாலம் ஏறும்போது அதற்கு மூச்சு வாங்கியது. டீசல் முள் மளமளவென்று இறங்கியது. சத்தம்கூட மாறிவிட்டது, முன்பு இருந்த தைரியம் அதில் இல்லை. என் மனைவி, "எப்பவும் போலத்தாங்க இருக்கு" என்றாள். அவளுக்கு இயந்திரங்களைப் பற்றி அனுபவம் போதாது.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் சரியான நேரத்துக்குத்தான் கிளம்பினோம். நம் பிள்ளைகள் இருவரும் இரண்டு வருஷமாக ஒருவரையொருவர் விரும்பி, பெரியவர்கள் உட்கார்ந்து பேச வேண்டியது ஒன்றுதான் பாக்கி என்ற நிலையில், அந்தப் பேச்சுக்காக என் மகள் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தங்கள் தெருவுக்கு முந்தைய சிக்னலில்தான் கவனித்தேன், விளக்கு எரிகிறது. ஐயா, விளக்கு எரிந்தால் கீழ்ப்படிவது என்பது என் ரத்தத்தில் ஊறிய விஷயம். வாசலில் தங்கள் குடும்பம் மொத்தமும் நிற்பதைப் பார்த்தேன், கையசைத்துவிட்டுப் போனேன். நான்கு தெருக்களைச் சுற்றி மறுபடி வந்தேன், விளக்கு அணையவில்லை. கண்ணாடியை இறக்கி, "இன்னும் பத்தே நிமிஷம்!" என்று கத்தினேன். மூன்றாவது சுற்றில் தாங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். தங்கள் மகன் மட்டும் தண்ணீர் டம்ளரோடு சாலை ஓரத்துக்கு வந்து, மாரத்தான் ஓடுகிறவர்களுக்கு நீட்டுவதுபோல் நீட்டினார். "அப்பா, நிறுத்துங்கப்பா, ப்ளீஸ்" என்று பின் சீட்டில் என் மகள் அழ ஆரம்பித்தாள். நான்காவது சுற்றில் கேட் மூடியிருந்தது.

டீசல் தீரும் நிலையில் வீடு திரும்பினோம். எங்கள் வாசலில் எல்லோரும் இறங்கிக் கதவுகளைச் சாத்தினோமோ இல்லையோ, விளக்கு அணைந்துவிட்டது. வடிகட்டி எங்கே வந்து சுத்தமாகியிருக்கிறது பாருங்கள். உடனே தங்களுக்குப் போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை. ஆகவே ஐயா, தவறு என்னுடையது அல்ல, என் மகளுடையது அல்லவே அல்ல, முழுக்க முழுக்க அந்தச் சாஃப்ட்வேருடையது. நான்கு நாட்களாக அவள் என்னிடம் பேசவில்லை. சாப்பாட்டு மேஜையில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கம்பெனிமீது உள்ள கோபத்தைக் குழந்தைகள்மீது காட்ட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் துணைவியாருக்கும் அக்காவுக்கும் என் வணக்கங்கள். தண்ணீர் நீட்டிய பிள்ளைக்கு என் ஆசிகள், அவர் நீண்ட நாள் நலமாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசலைக் கடந்து சென்றவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் சர்வீஸ் சென்டரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "சார், புதன்கிழமை ஆள் இல்லாததால உங்க வண்டிக்கு வாட்டர் வாஷ் மட்டும்தான் பண்ணோம். சாஃப்ட்வேர் இனிமேதான் ஏத்தணும், வர்ற வியாழன் வர்றீங்களா?" என்றாள். அப்படியானால் அந்த விளக்கு என்ன என்று கேட்டேன். எப்படி இருந்தது என்று விசாரித்துவிட்டு, "பின் கதவு சரியா சாத்தலைன்னா எரியிறது சார் அது" என்றாள். லிஃப்டில் கதவு சாத்தாவிட்டால் பெட்டி நகரவே நகராது. கதவு திறந்திருந்தும் ஒரு வாகனம் ஓடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. "எங்கிருந்தோ காத்து வருதுங்க" என்று அன்று முழுவதும் என் மனைவி சொன்னதை அவசியமில்லை என்று மேலே நான் எழுதவில்லை. மேம்பாலத்தில் மூச்சு வாங்கியது யாருக்கு என்றும் இப்போது தெரியவில்லை. ஆக, மேலே எழுதியதில் வணக்கங்களையும் ஆசிகளையும் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிடவும். தவறு என்னுடையதுதான். கடிதத்தைக் கிழிக்கப் போனேன், என் மகள் கையைப் பிடித்துக்கொண்டு, "கிழிக்காதீங்கப்பா, இப்படியே அனுப்புங்க. நீங்க எப்படிப்பட்டவர்னு அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்" என்றாள். நான்கு நாட்களில் என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. தாங்கள் அனுமதித்தால் வரும் ஞாயிறு பதினொரு மணிக்கு வருகிறோம். பஸ்ஸில். தங்கள் தெரு முனையில் கட்டாயம் நிற்கும் என்று டிரைவரிடமே கேட்டு உறுதி செய்துவிட்டேன்.