கொம்புக்கு ஒரு குதிரை

உலகத்தில் யாரையும் நம்புவதில்லை என்று வெர்லன் ப்ரூயிட் முடிவெடுத்து முப்பது வருஷம் ஆகிறது. குதிரை விற்கிறவர்களை நம்புவதில்லை என்பது அதற்கும் முன்னால், அநேகமாகப் பிறந்தவுடனேயே எடுத்த முடிவு.

மேற்கு டெக்சாஸில் அவர்கள் ஊரில் சனிக்கிழமை தம்பதிகளுக்கான கயிறு வீச்சுப் போட்டி. ஒருவர் இடப்பக்கமாகக் குதிரையை விரட்டி, ஓடுகிற காளையின் கொம்பில் கயிறு வீச வேண்டும். இன்னொருவர் வலப்பக்கமாக வந்து பின்னங்கால்களைப் பிடிக்க வேண்டும். கைதட்டல் எல்லாம் கொம்புக்குத்தான். இருபத்திரண்டு வருஷமாகக் கொம்பு வெர்லனுக்கு, கால் மனைவி நெல்டாவுக்கு. பாதி நாள் அவர் கொம்பைக் கோட்டைவிடுவார். அவள் கயிற்றைச் சுற்றியபடி வெறுங்கையோடு திரும்புவாள்.

இப்போது அவர் குதிரை நொண்டுகிறது.

"இந்த வருஷம் கொம்பை நான் பார்த்துக்கறேங்க," என்றாள் நெல்டா, பீன்ஸ் பரிமாறிக்கொண்டே. "என் குதிரை ரெண்டு பக்கமும் ஓடும்."

"நான் உசுரோட இருக்கிற வரைக்கும் நடக்காது."

"அப்ப கொம்புக்குப் பழகின குதிரையா வாங்கிட்டு வாங்க. இல்லேன்னா உங்களுக்குக் கால்தான். சம்மதமா?"

"சம்மதம். என்னை ஏமாத்துறவன் இன்னும் பொறக்கல."

உள்ளூரில் முதல் குதிரை மேல் சோப்பு வாசனை. காலையெல்லாம் ஓட்டிக் களைக்க வைத்து, வேர்வையைக் கழுவியிருக்கிறார்கள் என்று திரும்பிவிட்டார். இரண்டாவது குதிரை சாதுவாக நின்றது. ஊசி போட்டிருப்பார்கள். மூன்றாவது வீட்டில் காபி கொடுத்தார்கள். யோக்கியன் எதற்குக் காபி கொடுக்கிறான்?

மிச்சம் பக்கத்துப் பண்ணை காட்டன் ஹார்கிஸ். வியாழக்கிழமை காலை, சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்கினார் வெர்லன். நெல்டாவும் கூட வந்தாள்.

குதிரை மேய்ந்துகொண்டிருந்தது. முதுகைத் தடவினார். ஈரமில்லை.

"குளிப்பாட்டித் துவட்டிட்டீங்களாண்ணே?"

"அது குளிச்சு மாசக்கணக்காச்சு தம்பி."

"ஊசி?"

"எனக்குத்தான் போட்டாங்க. முட்டிக்கு."

"கொம்புக்கு ஓடுமா?"

"ஓடாது. காலுக்குன்னே பழகினது. காலுக்கு இதைவிட நல்ல குதிரை இந்த வட்டாரத்துல கிடையாது."

வெர்லனின் கண் சுருங்கியது. விற்கிறவன் தானே குறை சொல்கிறான் என்றால் என்ன அர்த்தம்? சனிக்கிழமை காட்டனும் கொம்புக்கு வீசுகிறார். நல்ல குதிரையைப் போட்டிக்காரன் கையில் கொடுக்க மனசில்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஏறி ஓட்டிப் பார்த்தார். காட்டன் ஒரு காளையை அவிழ்த்துவிட, அதன் இடப்பக்கம் விரட்டினார். நாலு எட்டில் குதிரை காளைக்குப் பின்னால் வளைந்து வலப்பக்கம் போய் நின்றது.

"சொன்னேனே தம்பி," என்று காட்டன் காதைச் சொறிந்தார்.

காதைச் சொறிகிறார். அதுதான் சைகை. சைகைக்குப் பழக்கி வைத்திருக்கிறார் மனுஷன்.

"என்னங்க, அண்ணன் இவ்வளவு சொல்றாரே, விட்டுடுங்களேன்," என்றாள் நெல்டா.

கடைசியாக இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் அத்தோடு தீர்ந்தது. வாங்கிவிட்டார்.

சனிக்கிழமை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பழகிப் பார்த்தபோதெல்லாம் வலப்பக்கமே ஓடிய குதிரை. காட்டன் எங்கிருந்தோ சைகை காட்டுகிறார் என்று வேலியோரப் புதரெல்லாம் தேடிச் சலித்த வெர்லன், வேறு வழியில்லாமல் வலப்பக்கம் நின்றார். இடப்பக்கத்தில் நெல்டா. அவள் கயிறு கொம்பில் அளவெடுத்த மாதிரி விழுந்தது. அவரும் இரண்டு கால்களையும் பிடித்தார், சுத்தமாக. கைதட்டல் கொம்புக்குப் போயிற்று.

காட்டன் வந்து கைகொடுத்தார். "புதன்கிழமை நீ போன் பண்ணினப்ப இது பலிக்கும்னு எனக்கு நம்பிக்கையே இல்லம்மா நெல்டா."

வெர்லன் குதிரையிலிருந்து இறங்கினார். "போனா? என்னடி சொல்லிக் கொடுத்தே அவருக்கு?"

நெல்டா கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "நீங்க எதைக் கேட்டாலும் உண்மையை மட்டும் சொல்லச் சொன்னேன்."