குடை சேரும் கௌசியின் தனி வீடும்

உலகத்திலேயே நல்ல வெயிலில், அதுவும் கூரைக்குக் கீழே, குடை விரித்து வைத்த ஒரே மனிதர் எங்கள் வாத்தியார் குடை சேர்தான். அந்தப் பெயரை வைத்தது பிள்ளைகள். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் புத்தகத்துக்கு மட்டும் தெரியும்.

தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோறு ஆக்குகிறவள் நான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். யாழ்ப்பாணத்திலிருந்து அவர் வந்த முதல் வாரம், ஒரு பையன் கையில் பெரிய கல்லோடு என் அடுப்படிக்கு வந்தான். பின்னாலேயே சேரின் குரல்.

"அம்மா, அந்தக் கல்லைக் கவனமா வச்சிருங்கோ. பிறகு வந்து கேப்பான், குடுத்து விடுங்கோ."

ஏதோ விலையுள்ள கல் என்று நினைத்து, கழுவித் துடைத்து அரிசி மூட்டை மேல் வைத்தேன். அரைமணி நேரத்தில் பையன் வந்து வாங்கிப் போனான். திரும்பக் கொண்டு வந்தான். இப்படி ஒரு நாளைக்கு ஏழு எட்டுத் தடவை.

"அவனுக்கு ஒரு இடத்தில இருக்க ஏலாது அம்மா. பாரம் தூக்கி நடந்திட்டு வந்தா, கொஞ்ச நேரம் இருந்து படிப்பான்."

"ஆமாங்க" என்றேன். அவரிடம் நான் பேசியதெல்லாம் அந்த ஒரு சொல்தான். எனக்குக் கூச்சம்.

அடுத்து, பலகையைப் பார்த்து எழுத்துப் பழகாத பிள்ளைகளுக்கு ரொட்டி மாவில் எழுத்துச் செய்து சுடச் சொன்னார். வாசித்தவர் தின்னலாம். 'ட' சுட்டேன், 'ப' சுட்டேன். 'ஞ' மட்டும் ஒருநாளும் ஒழுங்காக வேகவில்லை. வேகாத 'ஞ'வையும் சண்டை போட்டு வாசித்தார்கள்.

குடைக்குக் காரணம் கௌசி. ஏழு வயது. தகரக் கூரையில் மழை விழுந்தால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள், தேயிலைக்குள் ஓடிவிடுவாள். சேர் தன் பெரிய கறுப்புக் குடையை விரித்து வகுப்பின் ஒரு மூலையில் கட்டினார். என் பழைய கம்பளியைக் கேட்டு வாங்கி அதைச் சுற்றித் தொங்கவிட்டார். உள்ளே கௌசியும் அவள் புத்தகமும்.

கொழுந்து பறிக்கப் போகிற வழியில் அவள் அம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "லயத்து வீட்டுல எங்க ஆறு பேருக்கும் இருக்குறதே ஒரே காம்பரா. எம் மகளுக்கு இங்க தனி வீடு கட்டிட்டாரு! எப்ப சேர் பால் காய்ச்சுறது?"

அந்த வீட்டுக்குள் யாரும் போக முடியாது. சேரே வெளியில் நின்று கேட்பார்.

"தங்கச்சி, வரலாமோ?"

"வேணாம்."

"சரி." போய்விடுவார். பிறகு என்னிடம் வந்து, "நீங்க கௌசிய விட மோசம் அம்மா. அவள் 'வேணாம்' எண்டாவது சொல்றாள்" என்பார்.

அப்போதுதான் பதுளையிலிருந்து கல்வி அதிகாரி வரப்போவதாகச் செய்தி வந்தது. கௌசி அன்றைக்கும் கத்தி ஓடினால், விடுதியோடு உள்ள வேறு பள்ளிக்கு அனுப்பச் சொல்லிவிடுவார்கள் என்றார் பள்ளிக்கூட அதிபர். அவள் அம்மா என் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். "நான் இல்லாம ஒரு ராத்திரி தூங்க மாட்டாக்கா."

அதிபருக்கு இன்னொரு கவலை. "அன்னைக்கு மட்டும் அந்தக் குடைய எடுத்துருங்க சேர். கூத்துக் கொட்டகை மாதிரி இருக்கு."

"குடை போனா நானும் போறன்" என்றார் சேர்.

அதிகாரி வந்தபோது பளீரென்று வெயில். குடையைப் பார்த்து, "கூரை ஒழுகுதா?" என்றார்.

"ஒழுகுது சேர். ஆனா குடை அதுக்கில்லை" என்றார் எங்கள் சேர்.

சொல்லி முடிக்கவில்லை, மழை பிடித்துக்கொண்டது. தகரம் அதிர்ந்தது. எல்லோரும் அதிகாரியை விட்டுவிட்டுக் குடையையே பார்த்தோம். கௌசி கத்தவில்லை. அதிகாரியின் வழுக்கையில்தான் ஒரு சொட்டு விழுந்தது. நாற்காலியை நகர்த்தினார். அங்கே கோப்பில் இரண்டு சொட்டு. மறுபடி நகர்த்தினார். மழை அவரைத் தேடித்தேடி வந்தது.

கம்பளி மெல்ல விலகியது. ஒரு சின்னக் கை.

"உள்ள வாங்க. சப்பாத்தக் கழட்டிட்டு வாங்க."

அவரும் காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தவழ்ந்து உள்ளே போனார். வெளியே தெரிந்தது ஓட்டை விழுந்த ஒரு காலுறை மட்டும். உள்ளே கௌசி எழுத்துக்கூட்டி வாசிக்கிற சத்தம்.

"அடுத்த பக்கம் போவோமா?" இது அதிகாரி.

"பொறுங்க. மொத இத முடிப்போம்."

மழை விட்டபின் அவர் வெளியே வந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டார். "இந்தப் பிள்ளை இங்கேயே இருக்கட்டும். கூரைக்கு நான் எழுதிப் போடுறேன்."

பிள்ளை இருக்கிறாள். கூரை இன்னும் ஒழுகுகிறது.

இந்த வருஷம் சேருக்கு ஊர்ப்பக்கம் மாற்றல் வந்தது. கிளம்பின அன்று நல்ல மழை. பெட்டியைத் தலையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். குடை கௌசியின் மூலையில் கட்டியபடியே இருந்தது. அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன். வளைவு வரைக்கும் போய்விட்டார்.

"சேர்!" என்று கத்தினேன். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஓடிப்போய் என் குடையை அவர் கையில் திணித்தேன். "இதப் புடிச்சிட்டுப் போங்க. ஊருக்குப் போனதும் தலையத் தொடைங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க."

"அம்மா, உங்களுக்குக் கதைக்க வருமோ!"

"ஆமாங்க" என்றேன்.

லயம் வரைக்கும் நனைந்துகொண்டே நடந்தேன். அப்படி ஒன்றும் குளிரவில்லை.